சனிக்கிழமை எண்ணெய்

“டிப்ளமா படிச்ச புள்ள ஃபேனுக்கு அடியில உக்காரணும். வண்டிக்கு அடியில உனக்கு இன்னா பாப்பா வேல?”

செஞ்சியில், திண்டிவனம் சாலையில் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த கலியமூர்த்தி அண்ணன் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். முதலாளி சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. எப்படியோ தெரிந்திருந்தது.

போன வாரம் பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றபோது இது நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னால் ஒரு பழைய வேன். அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று மின்னியது. நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு விழுந்துகொண்டிருந்தது. அந்த வாசனை வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நன்றாக மூச்சை இழுத்தேன். பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் ஈர மண்ணும் கலந்த வாசனை அது. மற்றவர்களுக்கு நாற்றம். எனக்குச் சனிக்கிழமை.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். வண்டிக்கும் அன்றைக்குத்தான் எண்ணெய். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் காலையிலேயே வந்து கடை வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு வந்து வண்டியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. வண்டியை முதலில் மேலே கழுவுவோம். அப்புறம் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கிற குழியின் மேல் நிறுத்தி, அடியிலிருந்து பம்பால் தண்ணீர் அடிப்போம். ஈரம் சொட்டச் சொட்டவே எண்ணெய். பக்கத்து பைக் மெக்கானிக் கடையில் வடித்துவைத்த கழிவு ஆயிலை வாங்கி, கொஞ்சம் டீசல் கலந்து, ஒரு ஸ்ப்ரே கன் வழியாக அடியில் முழுக்கப் புகையாகத் தெளிப்பார்கள். துரு பிடிக்காது, கிறீச்சென்று சத்தம் வராது என்பது நம்பிக்கை. குனிந்து பார்த்தால் நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டி மாதிரி இருக்கும். குனிந்து பார்க்கிறவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஏழுமலை அண்ணன் என்று ஒரு டிரைவர். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும், மற்ற நாளில் கோட்டை பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவதும் அவர் தொழில். ஒரு சனிக்கிழமை வரிசையில் காத்திருந்து சலித்துப்போய்ச் சொன்னார்: “வண்டி ஆம்பளயா பொம்பளயான்னு மொதல்ல முடிவு பண்ணுங்கய்யா. பொம்பளன்னா வெள்ளிக்கிழம இல்ல எண்ண வெக்கணும்? நான் நேத்தே வந்துட்டுப் போயிருப்பேன்.”

கலியமூர்த்தி அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை. “உன் வண்டி மாசாமாசம் மல சுத்துது. அது சாமியாரு. சாமியாருக்கு எந்தக் கெழமையும் ஆவும். உக்காரு.”

எனக்கு அங்கே மேஜை வேலை. பில் போடுவது, போன் எடுப்பது, வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் என்று சொல்வது. என் தலைக்கு மேல் மெய்யாகவே ஒரு ஃபேன் இருந்தது. சுற்றுகிறதா இல்லையா என்று நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். அம்மா கழனி வேலை. ஊர் அனந்தபுரம் பக்கம். பாலிடெக்னிக்கில் எங்கள் வகுப்பில் பெண்கள் குறைச்சல். செய்முறை வகுப்பென்றால் பையன்கள் எல்லாரும் வண்டிக்கு அடியில் நுழைந்துவிடுவார்கள். நான் வெளியே நின்று டார்ச் பிடிப்பேன். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றுதான் எங்களைச் சேர்த்துக்கொண்டார்களோ என்று அப்போது தோன்றும். ஒரு காரின் அடிப்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து பாகம் குறிப்பேன். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தது கிடையாது.

கடையில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அண்ணனுக்குப் பாப்பா. மற்றவர்களுக்கு டிப்ளமா. “டிப்ளமா, தண்ணி கேன் வந்துச்சா?” “டிப்ளமா, சில்ற இருக்குதா?” கேலியாகத்தான் ஆரம்பித்தது. எனக்குப் பிடித்திருந்தது. படித்து வாங்கியது, அதைத்தானே சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மேஜையிலிருந்து நான் எழுந்ததற்குக் காரணம் ஓர் எலி. அதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லை ஓரமாகவே பல நாள் நின்றிருந்த கார் ஒன்று வந்தது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் லைட் எரியவில்லை. பானட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் எலி ஒரு குடித்தனமே நடத்தியிருந்தது. பஞ்சு, கந்தல், காய்ந்த புல், நடுவில் ஒரு குவியல் மல்லாட்டை. அண்ணன் பின்வாங்கினார். “உள்ள கை வுடாத. எலி இருக்கற எடத்துல பாம்பு கீம்பு இருக்கும்.” நான் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விட்டேன். கடித்த ஒயரைக் கண்டுபிடித்தது நான்தான். கடை வரை ஓட்டி வந்த இன்ஜின் சூட்டில் மல்லாட்டை பதமாக வறுபட்டிருந்தது. ஏழுமலை அண்ணன் ஒன்றை எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்தார். “உப்புதான் கம்மி போலருக்குது” என்றார். வாயில் போட்டாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே மரியாதை என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பானட்டுக்குள் எனக்கு இடம் கிடைத்தது. அதுவரை இன்ஜினுக்கும் பம்பால் பட்டென்று தண்ணீர் அடிப்பதுதான் வழக்கம். அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எல்லாரும் சேர்ந்து ரோட்டில் தள்ளுவார்கள். தள்ளி விடுவதும் சர்வீஸில் சேர்ந்தது என்றே வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சூடு ஆறும்வரை காத்திருந்து, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி எல்லாவற்றையும் பாலிதீன் கவரால் மூடி, பிரஷ்ஷாலும் ஈரத் துணியாலும் துடைத்து, காற்றடித்துக் காய வைப்பேன். தள்ளுகிற வேலை நின்றது. ஒரு நாள் மட்டும் ஒரு கவரை எடுக்க மறந்துவிட்டேன். வண்டி கேட் தாண்டியதும் உள்ளே ஃபேனில் சிக்கிப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. வண்டிக்காரர் பயந்துபோய் ரிவர்ஸிலேயே திரும்பி வந்தார்.

கலியமூர்த்தி அண்ணன் விடவில்லை. “பட்டம் வாங்குனவங்க கழுவுனா வண்டி பட்டம் வுடும்டா.”

நான் வாங்கியது டிப்ளமாதான், பட்டம் இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கிழிந்த பாலிதீனைக் கையில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல முடியாது.

பானட் வேலையில் இன்னொரு சிக்கல், பொட்டு. ஆயுத பூஜைக்கு இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். “இது வேதக்காரப் பொண்ணாச்சே, பொட்ட அழிச்சிட்டு அனுப்பிடப் போவுது” என்று ஒருவர் அண்ணனிடம் காதோடு சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. நாங்கள் மாதா கோயில்காரர்கள். மறுநாளே கடைவீதியில் ஒரு குங்கும டப்பா வாங்கி மேஜையில் வைத்தேன். கழுவி, காய வைத்து, முன்பு எங்கே பொட்டு இருந்ததோ அதே இடத்தில் புதிதாக வைத்து அனுப்புவேன். சாயங்காலம் என் விரலைப் பார்த்த அம்மா, “யாருக்குப் பொட்டு வெச்ச?” என்று கேட்டாள். “இன்ஜினுக்கு” என்றேன்.

சக்கரமும் மெல்ல என் கைக்கு வந்தது. கல் குவாரிப் பக்கம் போய்வரும் வண்டிகளில் கல்பொடி ரிம்முக்குள்ளும் சக்கரக் குடைவிலும் போய் ஈரத்தோடு சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். அதைத் துடைத்த துணியால் கதவைத் துடைத்தால் பெயின்ட் முழுக்கக் கீறல். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி என்று பிரித்தேன். “வாளிக்கும் சாதி பாக்குறியா?” என்று ஒரு டிரைவர் கேட்டார். “கீறல் வுழுந்தா உங்க வண்டியிலதான் வுழும்ணா. பரவால்லன்னா சொல்லுங்க, ஒரே வாளி” என்றேன். அதற்கப்புறம் அவர் தன் வண்டி வரும்போது வாளியைத்தான் முதலில் பார்ப்பார்.

மிச்சம் இருந்தது குழி. அதைத்தான் நான் வேண்டும் என்று நினைத்தேன்.

குழியில் வேலை பார்த்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார். வேறு ஆள் அமையாமல் கலியமூர்த்தி அண்ணனே இறங்க வேண்டியதாயிற்று. அவருக்கு நல்ல தொப்பை. படியில் பக்கவாட்டாகத் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் இறங்குவார். ஏறும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். நான் இறங்கட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். எனக்கு எண்ணெய் அடிக்க ஆசையில்லை. எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்கில் பட்டால் பிடிக்காது என்று படித்திருந்தேன். அடிப்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவிக் காய வைத்து, அதற்கென்று இருக்கிற ரப்பர் கோட்டிங்கைப் பூசினால் வருஷக்கணக்கில் நிற்கும். இதை அண்ணனிடம் சொன்னேன்.

“சனிக்கிழம எண்ண போடலன்னா எவம்மா வருவான்?” என்றார். “கோட்டிங்கு காய ஒரு நாளு வண்டி நிக்கணும்ன்ற. ஒரு நாளு வண்டிய வுட்டுட்டு அவன் இன்னா கோட்டைய பாத்துக்கினு ஒக்காந்திருப்பானா?”

பேச்சு இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஏழுமலை அண்ணன் வண்டி வந்து அதை மாற்றியது. பின் சீட்டில் வந்த ஒரு சின்னக் குழந்தை வழி முழுக்கக் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்ததாம். என்னவென்று பார்த்தால், விலகியிருந்த கால்மிதிக்கு அடியில் ஒரு துவாரம் வழியாக ரோடு ஓடுவது தெரிந்திருக்கிறது. அவர் பதறிப்போய்க் கடைக்கு வந்தார். வண்டி குழியின் மேல் நின்றது. கலியமூர்த்தி அண்ணன் படியில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அவருக்கு முன்னால் நான் இறங்கிவிட்டேன். அனுமதி கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நான் வரைந்து வரைந்து பழகிய எல்லாம் தலைக்கு மேல் இருந்தது. ஆனால் ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. பாடப்புத்தகப் படத்தில் யாரும் சேறு வரைவதில்லை. ஸ்க்ரூ டிரைவரால் கறுப்பைச் சுரண்டினேன். எண்ணெய்க்கு அடியில் சேறு, சேற்றுக்கு அடியில் எண்ணெய், வாரா வாரம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, உள்ளே இருந்த மண் காயவே இல்லை. பிசுபிசுவென்று ஈரம். கொஞ்சம் அழுத்தினேன். ஸ்க்ரூ டிரைவர் தகட்டுக்குள் போனது. பின்னாலேயே என் கையும் போனது. மேலே சீட்டில் உட்கார்ந்திருந்த ஏழுமலை அண்ணனின் கால் பக்கத்தில் என் விரல்கள் முளைத்தன.

“அய்யய்யோ, வண்டிய ஓட்ட போட்டுட்டா” என்று கத்தினார்.

“நான் போடலண்ணா. எண்ண போட்டுது.”

“எண்ண எப்பிடிம்மா ஓட்ட போடும்?”

“ஈர மண்ணு மேல எண்ண அடிச்சா ஈரம் எங்க போவும்? உள்ளயே இருந்து தகரத்தத் தின்னும். வந்து பாருங்க.”

கலியமூர்த்தி அண்ணனுக்குக் கோபம். எண்ணெய் அடித்தது அவர் கை. என்னைப் பார்த்து, “சரி” என்றார். “இவன் வண்டிக்கு எண்ண வேணாம். நீ சொல்ற கறுப்பையே பூசு. ஒரு மழ தாண்டட்டும். வண்டி நல்லா வந்துச்சின்னா குழி உன்னுது. எதுனா ஒண்ணு ஆச்சின்னா, பில்லு, போனு, அதோட சரி. அப்புறம் எண்ணயப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது.”

பௌர்ணமி கழிந்து ஏழுமலை அண்ணனுக்கு வாடகை குறைவாக இருந்த நாளில் வண்டியை விட்டுப்போனார். பட்டறையில் துவாரத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக்கொண்டு வந்தோம். பழைய எண்ணெய்ச் சேறு முழுவதையும் சுரண்டி எடுத்தேன். கதவுக்குக் கீழே தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துவாரங்கள் எல்லாம் அடைத்திருந்தன. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் குத்தித் திறந்தேன். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, சைலன்ஸரையும் பிரேக்கையும் பேப்பர் சுற்றி மூடிவிட்டுக் கோட்டிங் பூசினேன். கை கழுத்துக்கு மேலேயே இருந்து இருந்து, ராத்திரி சாப்பிடும்போது சோற்றை வாய்க்குத் தூக்க முடியவில்லை.

அன்றைக்குப் பார்த்து நைனா கமிட்டியிலிருந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டார். என்னை மேஜையில் தேடினார். நான் குழியிலிருந்து தலையை நீட்டினேன். மூஞ்சி முழுக்கக் கறுப்பு. மொபெட்டில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் பேசினார்.

“எனக்கு முதுகுல அழுக்கு. உனக்கு மூஞ்சில அழுக்கு. படிப்பு அழுக்க எடம் மாத்திச்சி, அவ்ளோதானா?”

வலித்தது. அப்புறம், “மூட்டைக்குள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க உன்ன யாரும் வுட மாட்டாங்க நைனா. அடியில இன்னா இருக்குதுன்னு நான் சொன்னாத்தான் அங்க எல்லாருக்கும் தெரியும்” என்றேன்.

“நல்லா பேசு. அதுக்குத்தான படிக்க வெச்சேன்” என்றார். திட்டினாரா, பாராட்டினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மழை வந்தது, போனது. ஏழுமலை அண்ணன் வண்டி ஒழுங்காக ஓடியது. ஆனாலும் கலியமூர்த்தி அண்ணன் குழியைத் தரவில்லை. “பொங்கல் போவட்டும்” என்றார். பொங்கல் போனது. “மாசி வரட்டும்” என்றார். மற்ற வண்டிகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நான் பில் போட்டேன், போன் எடுத்தேன்.

மாசிக்கு முன்னால் உளுந்து அறுவடை வந்தது. எங்கள் பக்கத்து ரோடுகளில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் வெடித்து உளுந்து உதிரும். ஓரமாகத் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும், ஊரார் வண்டியெல்லாம் நம் களத்து மாடு. சின்ன வயதில் நானும் அப்படி உட்கார்ந்து, பஸ் வந்தால் கை தட்டியிருக்கிறேன். பஸ் கனமான வண்டி, ஒரு மிதி மிதித்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தச் செடி சும்மா இருக்காது. நீளக் கொடி. சுற்றுகிற எதைக் கண்டாலும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும்.

ஏழுமலை அண்ணன் அன்றைக்குப் பெண் பார்க்கப் போகும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். போகும்போதும் உளுந்து மேல், வரும்போதும் உளுந்து மேல். திரும்பி வருகையில் வண்டிக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. எல்லாரும் குதித்து இறங்கினார்கள். கையிலிருந்த தண்ணீர் பாட்டில்களை எல்லாம் அடியில் ஊற்றி, அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஏழுமலை அண்ணன் ஊர்ந்து ஊர்ந்து கடைக்கு வந்து சேர்ந்தார். சனிக்கிழமை. வாசலில் வரிசை நின்றிருந்தது.

“தாரப் பூசி வுட்டுட்டா. அதான் பத்திக்கிச்சி” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “எண்ண போட்டுக்கினு இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆவல. உள்ள புள்ள குட்டிங்க இருந்துச்சிங்கம்மா.”

கலியமூர்த்தி அண்ணன் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். கோட்டிங் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று என்னால் சொல்ல முடியாது. சைலன்ஸர் மேல் கொஞ்சம் சிந்தியிருந்தால்? பேப்பர் விலகியிருந்தால்? லைட்டை எடுத்துக்கொண்டு குழியில் இறங்கினேன். பில்லும் போனுமாகப் போய்விடும் என்ற பயம்கூட அப்போது இல்லை. உள்ளே குழந்தைகள் இருந்ததாக அவர் சொன்னதுதான் காதில் இருந்தது.

வண்டி சூடாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைச் சுற்றி உளுந்துக் கொடி கயிறு திரித்த மாதிரி இறுகியிருந்தது. அங்கிருந்து ஒரு பெரிய கற்றை சைலன்ஸர் குழாய்க்கு மேல் போய்த் திணிந்து, சூட்டில் கருகிப் புகைந்திருக்கிறது. கொக்கியால் இழுத்து இழுத்துக் கீழே போட்டேன். மேலிருந்து ஒரு அன்னக்கூடையைக் கொடுத்தார்கள். அது நிறைந்தது. சில காய்கள் கருகாமல் முழுசாகவே இருந்தன. எல்லாம் எடுத்த பிறகு கோட்டிங்கைத் துடைத்துப் பார்த்தேன். பிடித்தபடி அப்படியே இருந்தது. ஒரே ஒரு இடத்தில், குழாய் தகட்டை ஒட்டி வளைகிற இடத்தில், கொப்புளித்திருந்தது.

“இங்க ஒரு உள்ளங்கை அளவு பொங்கியிருக்குது” என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னேன். “இந்த எடத்துல பூசியிருக்கக் கூடாது. மத்தபடி வெறும் செடிதான் கருகியிருக்குது. எண்ண இருந்திருந்தா செடியோட நின்னிருக்காதுண்ணா.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி அண்ணன் பக்கவாட்டாகத் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து இறங்கி வந்தார். இரண்டு பேருக்கு அந்தக் குழியில் இடம் பத்தாது. என்னைத் தாண்டிக் கையை நீட்டி, தகட்டில் விரலை வைத்து ஒரு இழு இழுத்தார். விரலை லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சாம்பல் இருந்தது. எண்ணெய் இல்லை. ரொம்ப நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வாரம் எண்ண போட்டுக்கினு போனவன் எல்லாம் இந்த ரோட்டுலதான போவான்” என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரல்.

மேலே ஏறியதும் போனை எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு டிரைவராகக் கூப்பிட்டார். “எங்க இருக்குற? உளுந்து போட்ட ரோட்டுல ஏறாத. சுத்திக்கினு வந்தாலும் பரவால்ல. நேரா கடைக்கு வா, அடிய தொடச்சி வுடறேன்.” சிலர் எதிர்முனையில் சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை.

ஏழுமலை அண்ணன் அன்னக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார். “அப்ப வண்டி எரியாம தப்பிச்சது எண்ண இல்லாததாலதானா?”

“ஆமாண்ணா.”

“அப்ப மாப்ள மொதல்ல குதிச்சி ஓடுனாரே, பொண்டு புள்ளைங்கள வுட்டுட்டு?”

“அது எதனாலன்னு நான் அடியில பாத்து சொல்ல முடியாது.”

“பொண்ணு வீட்ல சொல்லிடாதய்யா” என்றார் கலியமூர்த்தி அண்ணன். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், என்னைப் பார்க்காமல், குழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உள்ள ஒரு லைட்டு பத்தல. இன்னொண்ணு போடணும். பாப்பா ஒயரத்துக்கு ஒரு பலகையும் அடிச்சிப் போடணும்.”

குழி எனக்கு வந்த விதம் இதுதான். வேறு வார்த்தை எதுவும் அவர் சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பலகையின் மேல் முதலில் ஏறி நின்றபோது, தகடு கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. இவ்வளவு சரியாக எனக்கென்று அளவெடுத்து யாரும் அதற்கு முன் எதையும் செய்துகொடுத்ததில்லை.

பழக்கம் மட்டும் சீக்கிரம் போகவில்லை. சனிக்கிழமை வந்தால் டிரைவர்களுக்குக் கை பரபரக்கும். “வண்டி மொட்டையா இருக்குது. தலையில தொட்டு வெக்கிற மாதிரியாவது கொஞ்சம் வையேன்” என்று ஏழுமலை அண்ணன் கெஞ்சினார். யோசித்துவிட்டு, ஒவ்வொரு கதவுக் கீலிலும் நல்ல ஆயில் ஒரு சொட்டு விட்டேன். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவர் திருப்தியாகப் போனார். அப்புறம் எல்லாரும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது அந்தக் கழிவு ஆயில் டின் இல்லை. கன் எங்கே போனதென்று தெரியாது. தலையில் எண்ணெயோடு வரிசையில் நின்ற ஆட்கள் முன்பதிவு செய்துவிட்டுச் செவ்வாய், புதன் என்று எந்தக் கிழமையிலும் வருகிறார்கள். வண்டி ஆணா பெண்ணா என்று கேட்க ஆள் இல்லை. வண்டியைத் தூக்கும் லிஃப்ட் வந்த பிறகு குழியை மண் போட்டு மூடி மேலே சிமென்ட் பூசிவிட்டோம். மழை நாளில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். பலகையை யாரோ தண்ணீர் கேன் வைக்க எடுத்துப்போய்விட்டார்கள். உளுந்துக்கும் அடிக்கிற மெஷின் வந்துவிட்டது. ரோட்டில் பரப்புகிறவர்கள் எங்கேயோ ஒருவர், இருவர். என்னை யாரும் டிப்ளமா என்று கூப்பிடுவதில்லை, மேடம் என்கிறார்கள். முன்னதைத்தான் நான் சம்பாதித்தேன். அடிப்பக்க வேலைக்கென்று கடையில் ஒரு பக்கம் என் பொறுப்பில் இருக்கிறது. வண்டியை விட்டவர்களுக்கு வேலைக்கு முன்னும் பின்னும் அடியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கலியமூர்த்தி அண்ணன் அதைத் தன் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

நெல் அறுக்கும் மெஷின்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அப்படி ஒரு போட்டோவால்தான். ஓர் ஆபரேட்டர் அனுப்பியிருந்தார். இன்ஜினைச் சுற்றி வைக்கோல், தூசி, கசிந்த ஆயில், அதன் மேல் மறுபடி வைக்கோல். எங்கள் சனிக்கிழமை வண்டிகளைவிட மோசம். வயலில் நிற்கிற அந்த மெஷினைக் கடைக்கு ஓட்டி வா என்று சொல்ல முடியாது. ஒரு லோடு ஆட்டோவில் கம்ப்ரஸரையும் தண்ணீர் டேங்கையும் பொருத்தினேன். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தேன். நேற்றுக் காலை சீயமங்கலம் பக்கம் ஒரு வயலில் நிறுத்தினேன். பனி இன்னும் காயவில்லை. அறுவடை ஆரம்பிக்க நேரமிருந்தது. ஆபரேட்டர் சேலத்துப் பக்கத்துக்காரர், பல் துலக்கிக்கொண்டே வந்து, “எங்க படுத்துப் பாக்கணும்?” என்று கேட்டார். “இதுல ஏறித்தான் பாக்கணும், நீங்க கீழ நில்லுங்க” என்றேன். ஏணியில் ஏறி, இன்ஜின் கதவைத் திறந்து, தண்ணீரைத் தொடாமல் காற்றை மட்டும் திறந்துவிட்டேன். வைக்கோலும் தூசியும் மேகமாகக் கிளம்பி அவர் மேலேயே விழுந்தன. அவர் நகரவில்லை. பிரஷ் வாயிலேயே இருக்க, பக்கத்து வயலில் நின்றிருந்த மெஷின்காரரை, வந்து பார் என்று கை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.